வல்லரசுக்குப் போட வேண்டிய ஊசி

ரேணுகாம்பாள் தொழிலில் கறார். ஆணுறை இல்லையென்றால் எவனாக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் எத்தனை பேர் கெஞ்சினாலும் அசைய மாட்டாள். பரிசோதனை என்றால் முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கு மேகநோய் என்று ரிசல்ட் வந்தது.

பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிற சந்திரம்மாள், ஒரு காலத்தில் அதே தொழிலில் இருந்தவள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"யாருகிட்டடி உறை இல்லாம இருந்த?"

"அவரு கஸ்டமர் இல்லக்கா."

"கிருமிக்கு அது தெரியுமா?"

அவர் என்பது வல்லரசு. கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். அங்கே அவனுக்குப் பெண்டாட்டி உண்டு. வேங்கிக்காலில் ரேணுகாம்பாள் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வாரம் தவறாமல் மீன் வாங்கிக்கொண்டு வருவான். அவள் ஆக்கிப்போடுவாள். அவனிடமும் உறையை நீட்டினால் வந்து போகிறவர்களில் அவனும் ஒருத்தன் ஆகிவிடுவான். அதனால் நீட்டவில்லை.

அவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது. "அந்தாளுக்கும் பாக்கலன்னா உனக்குத் திரும்ப வரும், கூட்டிக்கினு வா" என்று சந்திரம்மாள் சொல்லிவிட்டாள். சொன்னால் போய்விடுவான். அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் வாய் வராது. பஸ் ஸ்டாண்டிலேயே போய் மடக்கிச் சொன்னாள்.

"உன் தொழில்ல வந்தத என் தலையில கட்டுறியா?"

"யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சின்னு நான் கேக்கல மாமா. வந்து ஊசி போட்டுக்க."

"நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"நானுந்தான் இருந்தேன்."

மீன் பையோடு திரும்பி, வந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தான். வண்டி இன்னும் கிளம்பவில்லை. அவள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. போனால் போகட்டும் என்று நினைத்தாள். போகிறவன் நேரே எங்கே போவான்? அது மண்டையில் ஏறியதும் அவளும் பஸ்ஸில் ஏறி, அவன் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மே வர்ற?" குரலை இறக்கிக் கேட்டான்.

"உங்க ஊருக்கு. வீட்டம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கணும். நீ சொல்ல மாட்ட."

மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே போவதாகத்தான் இருந்தாள். கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தபோது வல்லரசு எழுந்துவிட்டான்.

"எறங்கும்மே. ஆஸ்பத்திரிக்கு வந்து தொலையறேன்."

ஊசி போட்டு வெளியே வந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். "மூட்டை தேவல" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டம்மாவ எப்ப கூட்டியாருவ?"

"இன்னான்னு சொல்லிக் கூட்டியாறது?"

வேங்கிக்கால் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவள் ஏறினாள். அவனும் கம்பியைப் பிடித்தான்.

"அவங்களுக்குப் பாத்துட்டு வா மாமா."

கம்பியை விட்டான். ஆட்டோ நகர்ந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தவள், வளைவு வருவதற்குள் இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.