மேல் வரிசை, இடப்புற முன்பல்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றே அழைத்தார்கள். பக்க வடிவமைப்பாளர் என்பது அவருடைய பதவி. ஓரடி நீள எஃகு ஸ்கேல் என்பது ஏறக்குறைய அவருடைய உடலுறுப்பு. பக்கங்களெல்லாம் கணினித் திரையில் உருவாகத் தொடங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும், அச்சாகி வரும் தாளை அந்த ஸ்கேலால் ஒருமுறை அளந்து பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும். சுவரில் நாள்காட்டி அரை விரல் சாய்ந்திருந்தால், பேசிக்கொண்டிருப்பவரை அப்படியே விட்டுவிட்டுப் போய் அதை நேராக்கிவிட்டு வருவார். மருந்துக்கடையில் வேலை செய்யும் அவருடைய கணவர், காலையில் தலை சீவும்போது மனைவி அந்தப் பக்கம் வந்தால் சீப்போடு குளியலறைக்குள் ஒதுங்கிவிடுவார். "வகிடை அளந்துட்டு விட்டா பரவாயில்ல, திருத்தி வேற வைப்பா" என்பது அவர் கட்சி.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தப் பதிப்பகத்தில் அக்காவின் கைபடாத இதழ் கிடையாது. கோழி வளர்ப்போர் காலாண்டிதழ், பேட்டரி விற்பனையாளர் செய்திமடல், கூட்டுறவு வங்கி ஊழியர் மலர் என்று பட்டியல் நீளும். ஆனால் அவரை வார்த்தெடுத்தது பல் மருத்துவர் சங்கத்தின் மாத இதழ்தான். பதினான்கு ஆண்டுகள், நூற்று அறுபத்தெட்டு இதழ்கள். அந்தச் சங்கத்தார் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவர்கள். கட்டுரையில் கருத்துப் பிழை இருந்தால்கூட மன்னிப்பார்கள். படத்தில் சிரிப்பவர் பல்லில் ஒரு பொட்டுக் கறை தெரிந்தால் காலை எட்டு மணிக்கே தொலைபேசி அலறும். ஆகவே பல் தெரியும் படம் எதுவானாலும் கறையைத் துடைத்து, இடைவெளியை நிரப்பி, முனை மழுங்கியதைச் சீராக்கி அனுப்புவது அக்காவுக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. மீறிப் பிழை ஏதும் அச்சேறினால் அதற்கும் ஒரு நெறி உண்டு: பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை அடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருகிவிட வேண்டும்.

இத்தனை இருந்தும் அவருக்கு ஒரு குறை. இவையெல்லாம் யாரோ என்றோ தொடங்கி வைத்தவை. அச்சு மாறாமல் மாவு பிழிவதுதான் அவர் வேலை. வெற்றுத் தாளிலிருந்து ஓர் இதழை அவர் உருவாக்கியதே இல்லை. அதைவிடப் பெரிய குறை, பதினேழு வயது மகள் அம்மா செய்த எந்த இதழையும் இதுவரை விரித்துப் பார்த்ததில்லை. கோழி இதழை மட்டும் ஒருமுறை கையில் எடுத்தாள். கரப்பான் பூச்சியை அடிக்க.

இந்த நிலையில்தான் முதலாளிக்குப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஓர் இசைப் பத்திரிகை தொடங்கும் ஆசை பிறந்தது.

கூட்டத்தில் விற்பனை மேலாளர்தான் முதலில் எழுந்தார். பேசும் வேகத்தைக் கண்டு அவருக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார்கள். "சார், பேரு 'இளமைத் துள்ளல்'. அட்டையிலேயே ஒரு துள்ளல். விளம்பரத்துல ஒரு துள்ளல்!"

அக்கா அதை வீட்டில் சொன்னபோது மகள் காதில் பாட்டு அலறிக்கொண்டிருந்த ஒலிக்கருவியைக் கழற்றாமலே சிரித்தாள். "துள்ளல்னு எழுதி வெச்சா எவனும் துள்ள மாட்டான்ம்மா. அப்பாவே வாங்கமாட்டாரு."

"என்னை எதுக்குடி இழுக்குறே?" என்றார் தகப்பனார். "முதல்ல அந்தச் சத்தத்தைக் குறை. பாட்டா அது, ஒரே இரைச்சல்."

மகள் கையை நீட்டினாள். "இந்தா, பேரு கெடைச்சிடுச்சு. எல்லா வீட்டுலயும் தினம் நாலு தடவை இலவசமா விளம்பரம் பண்ணுவாங்க."

மறுநாள் 'இரைச்சல்' என்ற பெயரைக் கேட்டு முதலாளி உற்சாகமாக மேசையைத் தட்டினார். தட்டிவிட்டு, நிபந்தனையையும் போட்டார்.

"என்னம்மா, ஒளிக்காமச் சொல்லிடறேன். வெளியிலேர்ந்து ஒரு டிசைன் கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போனாங்க. சின்னப் பசங்க. அவங்க ஆபீஸ்ல நாற்காலியே கிடையாதாம், எல்லாரும் மூட்டை மேலதான் உக்காருவாங்களாம். அவங்ககிட்ட குடுன்னு சொல்றவங்களும் இருக்காங்க." புயல் கூரையைப் பார்த்தார். "நீங்க மாதிரிக்கு ஒரு இதழ் போடுங்க. ஆயிரம் பிரதி. உள்ள ஒரு பதில் அட்டை வைப்போம், தபால் செலவு நம்மளது. திங்கக்கிழமை காலேஜ் வாசல்ல குடுக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள முந்நூறு அட்டை திரும்பி வந்தா பத்திரிகை உங்களது. இல்லேன்னா மூட்டைக்காரங்களது."

அக்கா களத்தில் இறங்கினார். மூன்று பத்திப் பக்கத்தை நான்காகப் பிரித்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை ஓடவிட்டார். விரித்து ஒட்டும் நடுப்பக்கப் படத்தில் இதழைத் தைக்கும் கம்பி எந்த இசைக்கலைஞரின் மூக்கிலும் குத்தாதபடி இரண்டு நாள் கணக்குப் போட்டார். உள்பக்கங்களை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து மகளிடம் காட்டினார். முதல்முறையாக மகள் ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது. தலைப்பைக் கொஞ்சம் சாய்ச்சு விடேன்."

நாள்காட்டி சாய்வதையே பொறுக்காதவருக்கு அது எத்தகைய சோதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இரவு தூக்கம் கெட்டு, மூன்றாம் நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சாய்த்தார். நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் எல்லாத் தலைப்புகளும் பிசகாமல் ஏழு பாகை சாய்ந்தன. பாகைமானி வைத்துச் சரிபார்த்ததாகக் கேள்வி.

அட்டையை மட்டும் மகளுக்குக் காட்டவில்லை. அவள் உயிரையே வைத்திருந்த பாடகியின் படம் என்பதால், அச்சான பிறகு காட்டி அசத்தலாம் என்று நினைத்திருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்தன. அக்கா ஒரு பிரதியை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகள் முன்னால் வைத்துவிட்டு, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இது யாரு?"

"என்னடி கேள்வி இது? உங்க பாட்டுக்காரிதான்."

"இவ பல்லு எங்க?"

"வாயிலதான் இருக்கு. எல்லாம் இருக்கும், எண்ணிப் பாரு."

"அதாம்மா பிரச்சனையே!"

பிறகுதான் செய்தி வெளியே வந்தது. அந்தப் பாடகியின் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. முதல் மேடையில் யாரோ மைக்கை இடித்துவிட, அது பல்லில் மோதியது. உதட்டில் ரத்தத்தோடு மீதி ஐந்து பாட்டையும் பாடி முடித்துத்தான் இறங்கினாள். பல்லைக் கட்டிக்கொள்ளச் சொன்னவர்களிடம் எல்லாம் "காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டாளாம். ரசிகப் பிள்ளைகள் அவளைச் செல்லமாக ஓட்டைப்பல் என்றே கூப்பிடுவார்கள். நிகழ்ச்சிக்குப் போகும்போது தங்கள் முன்பல் ஒன்றில் கண்மை தீட்டிக்கொண்டு போவார்களாம்.

"ஊருக்கே தெரியும்மா! ஒனக்குத் தெரியாதா? உள்ள பேட்டியிலயே இருக்குமே!"

இருந்தது. ஆறாம் பக்கம், மூன்றாம் பத்தி, அக்காவே வரி வரியாக அளந்து பொருத்திய இடத்தில். அக்கா எழுத்தை அளப்பாரே தவிர வாசிப்பதில்லை. படம் திரைக்கு வந்தபோது பதினான்கு ஆண்டுப் பழக்கம் அவரைக் கேட்காமலே மவுஸைப் பிடித்து, உடைந்த பல்லை நீட்டி, வெளுத்து, பளபளவென்று கட்டி முடித்திருந்தது. பல் மருத்துவர் சங்கத் தலைவர் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

அக்கா புயலை அழைத்தார். மறுமுனையில் புயல் தென்றலாகத் தணிந்து, "அக்கா, மூச்சு விடாதீங்க. யாரும் கவனிக்கமாட்டாங்க" என்றார்.

"கவனிக்கிறதுக்குத்தான் அங்கிள் வாங்குவாங்க!" என்று மகள் பக்கத்திலிருந்தே கத்தினாள்.

"புதுசா அடிக்க நாளும் இல்ல, தாளும் இல்ல" என்றார் அக்கா. "நாளைக்குச் சீட்டு செருகிடலாம்."

"சீட்டா? ஐயோ அக்கா, நம்ம குத்தத்தை நாமளே துண்டுத்தாள்ல எழுதி ஆயிரம் பேருக்குக் குடுக்கிறதா? விற்பனை சரித்திரத்துலயே கிடையாது!"

"தப்பா அச்சடிச்சா சீட்டு வைக்கணும் தம்பி. எனக்கு வேற வழி தெரியாது."

அது வீரமும் அல்ல, தந்திரமும் அல்ல; பழக்கம். ஒரு பழக்கம் தள்ளிய பள்ளத்திலிருந்து இன்னொரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தார், அவ்வளவுதான். முதலாளியிடம் கேட்டால் தடுப்பார் என்பதால் கேட்கவில்லை. ஞாயிறு காலை அலுவலகத்தைத் திறந்து, தாமே அமர்ந்து, பல் மருத்துவர் இதழின் நடை சற்றும் வழுவாமல் எழுதி அச்சிட்டார்:

"பிழைதிருத்தம். அட்டைப்படம்: மேல் வரிசை, இடப்புற முன்பல். 'முழுமையானது' என்றிருப்பதை 'பாதி உடைந்தது' எனத் திருத்திப் பார்க்கவும். இப்பல்லைப் பாடகியின் ஒப்புதலின்றிக் கட்டியவர் இவ்விதழின் வடிவமைப்பாளர். கட்டணம் பெறப்படவில்லை. வருந்துகிறோம்."

கணவர் வந்து சேர்ந்தார். நாள் முழுவதும் மாத்திரையை உறையில் போடும் கை; ஆயிரம் சீட்டும் பகல் சாப்பாட்டுக்குள் ஆயிரம் இதழுக்குள் போயின. எல்லாம் நேராகச் செருகப்பட்டனவா என்று அக்கா ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் புயல் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பிரதிகளை விநியோகித்தார். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மதிற்சுவர் ஓரமாக ஒரு பெண், "ஏய், இந்தச் சீட்டைப் படிடி!" என்றாள். அதற்குப் பிறகு கூட்டத்தில் சிரிப்பு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்பது புயலுக்கு விளங்கவில்லை. "என்னைப் பார்த்துச் சிரிச்சாங்களா, பத்திரிகையைப் பார்த்துச் சிரிச்சாங்களான்னே தெரியலக்கா" என்று திரும்பி வந்து நாற்காலியில் சரிந்தார்.

அன்று மாலைக்குள் சீட்டு ஒன்று முதலாளியின் கைக்கும் போய்விட்டது.

"யாரைக் கேட்டும்மா இதைச் செருகினீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"கட்டணம் பெறப்படவில்லையாம்! முதல் இதழ்லயே மன்னிப்பு கேக்குற பத்திரிகையை எவன் மதிப்பான்? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூட்டைக்காரங்களை வரச் சொல்லியாச்சு. அதுக்குள்ள முந்நூறு வந்தா வந்தது."

செவ்வாயும் புதனும் தபாலில் ஓர் அட்டையும் வரவில்லை. வியாழக்கிழமை பதினாறு வந்தன. அக்கா மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். மகள் வீட்டில் பாட்டின் ஒலியைத் தானாகவே குறைத்துக்கொண்டாள். அந்தப் பரிவுதான் அக்காவுக்கு எல்லாவற்றையும்விடக் கலக்கத்தைக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தபால்காரர் ரப்பர் வளையம் போட்ட கட்டுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். புயல் பாய்வதற்குள் முதலாளி வெளியே வந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். "யாரும் தொடக்கூடாது. நானே எண்றேன்." கதவு சாத்திக்கொண்டது.

அக்காவும் புயலும் கதவுக்கு வெளியே நின்றார்கள். கொஞ்ச நேரம் அட்டை புரளும் ஓசை. பிறகு ஓர் இருமல். பிறகு ஏதோ உருண்டு விழும் ஓசை.

"சாருக்கு நெஞ்சுவலியா இருக்குமோ?" என்றார் புயல்.

அடுத்து வந்தது சந்தேகத்துக்கு இடமில்லாத வெடிச்சிரிப்பு. முதலாளி சிரித்து அந்தக் கட்டடம் கேட்டதில்லை. அரைமணி கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எத்தனை சார்?" என்றார் அக்கா.

"எங்கம்மா எண்ண விட்டானுங்க? நூத்தி நாப்பது வரைக்கும் வந்தேன். ஒரு அட்டையைப் படிச்சுத் தொலைச்சேன், எண்ணிக்கை போச்சு. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், எழுபதுல இன்னொண்ணு. இதைக் கேளுங்க: 'பிழைதிருத்தம். பக்கம் ஒன்பது: டிரம் வாசிப்பவரின் பல். இவ்வளவு வெள்ளையாக இருப்பதைத் தேநீர் நிறம் எனத் திருத்திப் பார்க்கவும்.' இன்னொண்ணு: 'பக்கம் இருபத்திரண்டு: கிடார்க்காரர் குளித்தவராகத் தெரிகிறார். திருத்திப் பார்க்கவும்.' ஒருத்தன் நம்ம பேட்டியில பன்னெண்டு தப்பு கண்டுபிடிச்சு பேர், வருஷத்தோட எழுதியிருக்கான். ஒரு பாராட்டு கிடையாது, எல்லாம் குறை!"

"குறை சொல்றதுக்கு வரி விடாம வாசிச்சிருக்காங்களே சார்" என்றார் அக்கா.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தான் நானும் நெனச்சேன். கோழி இதழை எவனாவது இப்படி வாசிச்சிருக்கானா?"

வாசலில் மணி ஒலித்தது. சுவர்க்கடிகாரம் சரியாக நான்கு காட்டியது. முதலாளி சட்டென்று தம் அறைப்பக்கம் திரும்பினார்; பாதி மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"தம்பி, நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடு."

"எப்ப வருவார்னு கேட்டா சார்?"

"ரெண்டாவது இதழ் வந்தப்புறம்" என்றவர், அக்காவைப் பார்த்து, "அந்த இதழுக்கும் அட்டை எண்ணணும், ஞாபகம் இருக்கட்டும். அப்ப வேற யாரையாவது எண்ணச் சொல்லணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா மேசைக்குத் திரும்பிப் புதிதாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரையில் திறந்தார்.