வெள்ளிக்கிழமை பத்தே முக்கால்

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். வெளிநாட்டு வரன்களுக்கு ஜாதகங்களை ஈமெயிலில் அனுப்ப வேண்டும். முதலாளிக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். அவரை அசத்திவிடுவது என்று கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் போட்டேன். அதில் கிரான் என்று ஒன்று உண்டு. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று ஒரு வரி எழுதிவைத்தால், நாம் டீக்கடையில் நின்றாலும் அது பாட்டுக்கு வேலையை முடித்துவிடும்.

"எல்லாம் சரி. ராகு காலத்துல ஒரு ஜாதகம்கூட வெளியில போகப்படாது, பாத்துக்கோ" என்றார் முதலாளி. மயிலாப்பூர்க்காரர்.

தினமும் பத்தே முக்காலுக்கு அனுப்ப ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மட்டும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதனால் அன்று பன்னிரண்டேகால். கிரானுக்குக் கிழமையை எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். நான் ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு என்று விரல்விட்டு எண்ணி வெள்ளிக்கு ஆறு போட்டேன். அந்தப் பாழாய்ப்போன கிரானுக்கு ஞாயிறு பூஜ்யம், ஆறு என்றால் சனி! புத்தகத்தில் போட்டிருந்தது. நான் எங்கே படித்தேன்?

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி நாலு வருஷமாக வரன் அமையாத தன் மகளின் ஜாதகத்தையே கலிபோர்னியா மாப்பிள்ளை ஒருவருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். பத்தே முக்காலுக்கு மோடம் கீச்சிட்டு டயல் செய்தது. கடிகாரத்தைப் பார்த்த முதலாளி பாய்ந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்குவதற்குள் ஜாதகம் போய்விட்டது.

"எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியேடா! திங்கக்கிழமை வந்து உன் சர்ட்டிபிகேட்டை வாங்கிண்டு கெளம்பு."

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாளும் அழுகை அழுகையாக வந்தது.

திங்கட்கிழமை போனால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில். ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம், பெண் பார்க்க வருகிறார்களாம். முதலாளி அதை மூன்று தடவை படித்தார். சந்தோஷப்படவும் முடியவில்லை, ராகு காலத்தை விடவும் மனசில்லை.

"நாம அனுப்பிச்சப்போ அங்க என்ன மணி?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதேகால், சார்."

"பாத்தியா! அங்க வெள்ளிக்கிழமையே பொறக்கலை. பொறப்படற ஊர் நேரம் என்னத்துக்கு? போய்ச் சேர்ற ஊர் நேரம்தாண்டா கணக்கு!" முகம் மலர்ந்துவிட்டது. "நீ வேலையில இரு. இனிமே அந்தந்த ஊர் ராகு காலம் பாத்து அனுப்பு. லண்டன், சிட்னி, எல்லாத்துக்கும்."

உயிர் வந்தது. தலையைத் தலையை ஆட்டினேன். பதினோரு ஊர், ஊருக்கு ஏழு கிழமை, எழுபத்தேழு வரி. அதில் பாதி ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றிவைப்பார்கள் என்பதை மட்டும் அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.