தூங்கப் போட்ட பெஞ்சு

தேக்கா வட்டாரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் பெஞ்சின் பழைய வார்னிஷ் வாசனை வந்தது, ஆத்திரம் பொங்கியது. இந்த இடத்தில் இருந்த எங்கள் தமிழ்த் திருச்சபையைக் காலிபண்ண வைத்தவர்கள், அதன் பெஞ்சை மட்டும் அழகுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் சின்ன வயதில், சாங்கி சரக்குக் கிடங்கில் இரவு வேலை முடித்து நேரே ஆராதனைக்கு வரும் அப்பா, ஆர்மோனியமும் மின்விசிறியும் போட்டிபோட்டு இரைவதற்கு நடுவே இந்தப் பெஞ்சில்தான் குறட்டை விடுவார்; அம்மா வெட்கப்பட்டு இடிப்பாள்; பாஸ்டரோ பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "எழுப்பாதீங்கம்மா, இளைப்பாறுதல்னா இதான்லா" என்பார்.

இன்று அதே கிடங்கில் வேலை முடித்து வந்து சாய்ந்த என்னிடம் கடைப்பெண், "சாரி அங்கிள், இங்க தூங்கக்கூடாது" என்றாள்.

"இது தூங்குறதுக்குப் போட்ட பெஞ்சும்மா!" என்று சீறிவிட்டு, ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்று கண்ணை மூடினேன்.

விழித்தபோது காப்பி ஆறியிருந்தது, உடம்பு இளைப்பாறியிருந்தது. கோபம் மட்டும் ஆறவில்லை.