எட்டாவதுக்குப் பிறகு ஒரு பரீட்சை

தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான். "அக்கா, ஞாயித்துக்கிழம அவனையும் கூட்டினு வர்றேன். மதியம் சோறு உங்க வூட்லதான்."

'அவன்' யார் என்று எனக்குத் தெரியும். பெங்களூரில் தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவர். கூட வேலை செய்பவர், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தான். போன வருஷம் ஒருநாள் நான் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்து, "வெறும் ரூம்மேட் இல்லக்கா. நாங்க சேந்து வாழறோம். நீயும் மாமாவும் வாழற மாதிரி" என்றான். தண்ணீர் குடித்துவிட்டு, "அவரு நேரத்துக்குச் சாப்புடறாரா?" என்று கேட்டேன். ஏன் அதைப் போய்க் கேட்டேனோ தெரியவில்லை. தம்பி அந்தப் பக்கம் அழுதுவிட்டான்.

போனில் பேசுவது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. அப்பா அம்மா இப்போது இல்லை. தம்பிக்குச் சொந்த ஊர் என்றால் ஓரிக்கையில் இருக்கும் என் வீடு ஒன்றுதான். போனை வைப்பதற்கு முன்னால் அவன் இன்னொன்றும் சொன்னான். "அவங்க வூட்ல அவன சேக்கறதில்லக்கா. புது எடத்துக்குப் போனா மொதல்ல எதுர்ல இருக்கறவங்க மூஞ்சியத்தான் பாப்பான். உன் மூஞ்சி லேசா சுருங்கினாக்கூட கண்டுபுடிச்சிடுவான். அப்புறம் நான் கூப்ட்டாலும் வர மாட்டான். அவன் வராத எடத்துக்கு நான் மட்டும் எப்டிக்கா வர்றது?"

பயமே அங்கேதான். என் முகம் என் பேச்சைக் கேட்காது. கேஸை அணைத்தேனா என்று பஸ் ஏறிய பிறகு யோசிக்கிறவள் நான். மகள் கல்லூரியிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், ஏனாத்தூர் ரோட்டில் நடந்திருக்கக்கூடிய எல்லா விபத்தும் என் கண்முன் வந்துபோகும். அத்தனையும் முகத்தில் தெரியும். பட்டுப்புடவைக் கடையில் மெத்தைமேல் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. நல்ல புடவையைத்தான் காட்டிக்கொண்டிருப்பேன். "ஏம்மா, இதுல எதாவது டேமேஜ் இருக்குதா?" என்று கேட்பார்கள். புடவையில் ஒன்றும் இருக்காது. நான் வீட்டில் கேஸை நினைத்துக்கொண்டிருப்பேன்.

இதை மகளிடம் சொன்னேன். ஏனாத்தூரில் கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறாள். "மனசுக்குள்ள எனக்கே தெரியாம ஏதாவது இருந்து, அது மூஞ்சில வந்துட்டா இன்னாடி பண்றது?"

"அதுக்கு டெஸ்ட்டே இருக்குதும்மா. நமக்கே தெரியாம மனசு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு காட்டும். எங்க மிஸ் எங்களுக்காகத் தமிழ்லயே செஞ்சி வெச்சிருக்காங்க."

டெஸ்ட் என்றாலே எனக்கு ஆகாது. எட்டாவது படிக்கும்போது கணக்குப் பரீட்சை அன்று பள்ளிக்கூட கேட் வரை போய்த் திரும்பி ஓடிவந்தவள் நான். அதோடு படிப்பு முடிந்தது. பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசன்ஸுக்கு எட்டு போடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதும் அதையும் விட்டுவிட்டேன். எட்டு எனக்கு ராசியில்லை. ஆனால் தம்பிக்காக இதைச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். தப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்துவிடலாமே.

மகள் தன் லேப்டாப்பில் இரண்டு பட்டன்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். இடது விரலுக்குச் சிவப்பு, வலது விரலுக்குப் பச்சை. திரையில் ஒவ்வொன்றாக வரும். சில சமயம் படம்: ஆணும் பெண்ணுமாகக் கைகோத்த ஜோடி, இல்லையென்றால் இரண்டு ஆண், இல்லையென்றால் இரண்டு பெண். சில சமயம் வார்த்தை: அன்பு, ஆனந்தம் என்று நல்லதாகவோ, கேடு, அருவருப்பு என்று கெட்டதாகவோ. முதல் சுற்றில் ஆண் பெண் ஜோடி வந்தாலும் நல்ல வார்த்தை வந்தாலும் இடது. மற்ற ஜோடிகளும் கெட்ட வார்த்தைகளும் வலது. யோசிக்காமல் வேகமாகத் தட்ட வேண்டும்.

தட்டினேன். கை பறந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது சுற்றில் வார்த்தைகள் அதே பக்கம்தான், ஜோடிகளை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது இரண்டு ஆண் வந்தால் நல்ல வார்த்தைகளோடு இடது பக்கம் போக வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணுமாக வந்தால் வலது. அவ்வளவுதான், கை குழம்பிவிட்டது. தப்பாகத் தட்டினால் திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். விழுந்துகொண்டே இருந்தது. கணக்கு வாத்தியாரே லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருப்பதுபோல வியர்த்தது.

கடைசியில் முடிவு வந்தது. மகள் முதலில் தனக்குள் படித்துவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆண் பெண் ஜோடிகள் பக்கம் வலுவான சாய்வுன்னு வந்திருக்குதும்மா."

"வலுவாவா? கொஞ்சம்கூட இல்ல, வலுவாவா?"

"ம்."

எனக்கு உடனே ஒரு சமாதானம் தோன்றியது. கடையில் பார்ட்டிக்குப் பிடித்த புடவையை இடது கைப் பக்கம் வைப்போம். வேண்டாம் என்றதை வலது பக்கம் தள்ளுவோம், மடித்து அடுக்கப் போய்விடும். பெண்ணும் மாப்பிள்ளையுமாகத்தானே தினமும் வந்து உட்காருகிறார்கள்? அவர்களுக்கு எடுத்து வைத்து எடுத்து வைத்து, கை தானாக இடது பக்கம் போகிறது. "இது மனசு இல்லடி. வெறும் கை பழக்கம்."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "கை பழக்கம்தாம்மா. மனசுக்கும் பழக்கம்தான். டெஸ்ட்டு பாக்கறதே அதத்தான்."

இருந்த சமாதானமும் போயிற்று. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "இது பாஸ் பெயில் இல்லம்மா. இன்னிக்கி ஒண்ணு வரும், இன்னொரு நாளு வேற ஒண்ணு வரும். இத வெச்சி ஒருத்தர் நல்லவங்க, கெட்டவங்கன்னு சொல்ல முடியாதுன்னு மிஸ்ஸே சொன்னாங்க."

"அப்ப எதுக்குடி எனக்கு வெச்ச?"

"நீதானேம்மா உக்காந்த!"

என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் வேலையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நானும் பார்க்கிறேன் என்று கிரீஸ் கையோடு உட்கார்ந்தார். இரண்டு பட்டனையும் ஸ்விட்ச் போர்டை டெஸ்ட் செய்வதுபோல டக் டக் என்று தட்டி முடித்தார். மிக வேகமாகத் தட்டியதால் முடிவு சொல்ல முடியவில்லை என்று வந்தது. "பாத்தியா, என் மனச எந்த மெஷினாலயும் படிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இந்த மனிதருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

அந்த வாரம் முழுவதும் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பழக்கினேன். "வாங்க, வாங்க" என்று சிரிக்க வேண்டும். அதிகமாகவும் சிரிக்கக் கூடாது. ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, கவுன்சிலர் எலக்ஷன்ல நிக்கறியா?"

இன்னொரு கவலையும் இருந்தது. எதிர்வீட்டு அக்கா. தெருவுக்குள் யார் வந்தாலும் யார், எந்த ஊர், என்ன உறவு என்று கேட்காமல் விட மாட்டார். கெட்டவர் இல்லை. இப்போது அவருடைய மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, அங்கே வாடகைக்கு வீடு கிடைக்காமல், பெங்களூர் என்று யார் வாயைத் திறந்தாலும் பிடித்துக்கொள்கிறார். அவர் கேட்டால் என்ன சொல்வது? தம்பிக்குப் பெண்டாட்டி என்றால் ஒரு வார்த்தை இருக்கிறது. இவருக்கு என்ன வார்த்தை? கடைசியில் 'தம்பியோட ஃப்ரெண்டு' என்று முடிவு செய்து, அதையும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவர் நல்ல உயரம், கண்ணாடி போட்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "வணக்கமுங்க அக்கா" என்று இனிப்பு டப்பாவை நீட்டினார். நான் வாங்கிய பிறகும் டப்பாவை விடவில்லை. என்னைவிட அவர் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நான், "வாங்க, வாங்க, வாங்க, வாங்க" என்று நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். தம்பி என் முகத்தையே பார்த்தான். அவரும் பார்த்தார். மகளும் பார்த்தாள். இத்தனை பேர் பார்த்தால் ஒரு முகம் என்னதான் செய்யும்?

இலை போட்டாயிற்று. கறிக்குழம்பு, வறுவல், ரசம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் பரிமாற எதிரில் நின்றபோதுதான் கவனித்தேன். அவர் என் வலது கைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாத புடவையைத் தள்ளும் பக்கம்.

அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. "நீங்க எந்திரிச்சி இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அவர் எழுந்து இடது பக்கம் வந்தார். அந்த இலைக்குத் தம்பி நகர்ந்தான். இப்போது தம்பி வலது பக்கம்! "டேய், நீயும் அங்க உக்காராத" என்றேன்.

தம்பியின் முகம் கறுத்தது. "ஏங்க்கா, அவன் அங்க உக்காந்தா இன்னா? எங்க உக்காரலாம், எங்க உக்காரக் கூடாதுன்னு எதாவது இருக்குதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. எது நடக்கக் கூடாது என்று வாரம் முழுக்கப் பயந்தேனோ அதை நானே நடத்திக்கொண்டிருந்தேன்.

மகள்தான் காப்பாற்றினாள். சிரிப்பை அடக்க முடியாமல் இலைமேல் குனிந்துவிட்டு, பிறகு நிமிர்ந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். டெஸ்ட், சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு, புடவை, இடது, வலது, பாத்ரூம் கண்ணாடி. வலுவான சாய்வைக்கூட விடவில்லை. "உங்க ரெண்டு பேரையும் புடிச்ச பக்கம் உக்கார வெக்கத்தான் மாமா, அம்மா இவ்ளோ ரகள பண்ணுது."

தம்பி என்னையே பார்த்தான். "நீ பரீட்ச எழுதினியா? கணக்குப் பரீட்சைக்கி கேட்டாண்ட இருந்து ஓடியாந்த நீயி?"

"ஆமான்டா. இதுலயும் பெயிலு" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது அவர் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "அக்கா, எங்க ஆபீஸ்லயும் எல்லார்த்துக்கும் இதே டெஸ்ட்டு வெச்சாங்க. எனக்கும் இதேதானுங்க வந்துச்சு. ஆண் பெண் ஜோடி பக்கந்தான் சாய்வுன்னு. நான் என்ன பண்றதுங்க? என்னைய நானே வீட்டை விட்டுத் தொரத்த முடியுமுங்களா?"

தம்பி அவர் பக்கம் திரும்பினான். "இத எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"மார்க்கு கம்மியா வந்தா யாருங்க வீட்டுல சொல்லுவாங்க?"

நான் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவருக்கே அப்படி வந்தால், பழக்கம் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! வலது பக்கத்தில் தனியாக விடப்பட்ட என் வீட்டுக்காரர் மட்டும், "அப்ப வேணாத பக்கம் நான் ஒருத்தன்தானா? எவ்ளோ நேரமா ரசம் கேட்டுக்கினு இருக்கேன்" என்றார். அவர் இலையில் ரசம் ஊற்றினேன். கோயம்புத்தூர்க்காரர் வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். நன்றாகச் சாப்பிடுகிறவர்தான்.

வெயில் தாழக் கிளம்பினார்கள். ஆட்டோ வந்து நின்ற சத்தத்துக்கு எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, தம்பி வந்துக்கிதா? நல்லா கீறியாபா? கூட யாரு இது? புதுசா இருக்காரே."

தம்பி சட்டென்று என் முகத்தைப் பார்த்தான். அவரோ ஆட்டோப் பக்கம் திரும்பி, பையைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டார். இந்தக் கேள்விக்கு நான் கண்ணாடி முன்னால் அத்தனை தடவை பதில் சொல்லிப் பார்த்திருந்தேன். யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"இவரா? தம்பியோட வீட்டுக்காரரு, அக்கா."

என் காதில் விழுந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது. தம்பி மூச்சை இழுத்துப் பிடித்தான். அவர் கை பையின் ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஓ, ஹவுஸ் ஓனரா! வாங்க சார். வாடகைக்கு இருக்கற பையன் வூட்ல வந்து சாப்புடறீங்களே, இப்டி ஒரு ஓனர நான் பாத்ததே இல்ல. சார், எங்க புள்ளயும் பெங்களூர்ல வூடு தேடினு கீறான். உங்க வூட்ல ஒரு போர்ஷன் எதாவது காலியா இருக்குதா?"

அவர் மெல்லத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது, கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் ஒழுங்காக வந்தது. "ஒரே போர்ஷன்தானுங்க. அதுலயும் ஆள் இருக்குதுங்க."

"காலி பண்ண மாட்டானா?"

"பண்ற மாதிரி தெரியலீங்க."

தம்பி ஆட்டோவுக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று இந்த முறை எனக்குக் கவலையே இல்லை. வண்டி நகரும்போது கோயம்புத்தூர்க்காரர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, பொங்கலுக்கு வரலாமுங்களா?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டினேன்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை எதிர்வீட்டு அக்காவும் என்னோடு நின்று கையாட்டினார்.

"தங்கமான ஓனரும்மா" என்றார். "உன் தம்பி குடுத்து வெச்சவன்."

"ஆமாக்கா" என்றேன்.