மடியில் ஒரு டிராயர்

தானே புயலுக்கு முந்தைய வருடம், சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண்மணியின் மடியில் ஒரு மேசை டிராயர் மட்டும் இருந்தது. கருத்த பலகையில் மஞ்சள் மரத்தைச் சீவிப் பதித்த கொடி, பூக்காமலே விளிம்போடு நின்றது. பஸ் குலுங்கும்போதெல்லாம் முந்தானையால் அதைத் துடைத்தார்.

"பூ எங்கக்கா?"

"மேசையில இருக்கு. இங்கிலீஷ்காரன் காலத்து மேச. எங்க வீட்டுக்காரரு கடலூர் கடையில வித்துட்டாரு. இத மட்டும் ஒளிச்சி வெச்சிட்டேன். அப்பப்ப போயி சொருகிப் பாத்துட்டு வருவேன்."

"கடைக்காரர் கேக்கலியா?"

"கேக்காம? டிராயர் இல்லாத மேசைய யாரும் வாங்க மாட்டேங்கறாங்களாம்." சிரித்தார். "குடுத்துட்டா மேச போயிடுமே!"

இன்றும் பழைய மேசை எதைப் பார்த்தாலும் டிராயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இல்லாவிட்டால் மனசு ஆறுகிறது.