தலை குனிந்தால் வருகிற மின்னல்

கோயில் ஒலிபெருக்கி லவீனா வீட்டுக் குசினி வரைக்கும் கேட்கும். குருநகரிலே அது புதினமில்லை. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவிலேதானே எல்லாருடைய வீடும். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம், சனம் வரிசையாய்ப் போய்ச் சிலுவையிலே பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்கிற நேரம், அந்தப் பாட்டுக் காதிலே விழ அவளுக்கு நெஞ்சு தாங்காது. இரண்டு வருசமாய் அவள் அந்த வரிசையிலே நிற்கவில்லை. ஆண்டவருடைய பாதத்திலே ஒருக்கால் வாய் வைக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வருத்தம் முதலில் கண்ணிலேதான் வந்தது. ஒரு கண் மங்கிப் பிறகு தெளிந்தது. அதுக்குப் பிறகு கால் சொல்வழி கேட்காமல் போனது. கிளினிக்கிலே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். அது ஊரிலே ஆருடைய வாயிலும் நுழையவில்லை. நரம்பு வருத்தம் என்று வைத்துக்கொண்டார்கள். வயரிலே மேலுறை கழன்றது போல உள்நரம்பு அங்கங்கே அரிபட்டுப் போகுமாம். வெயில் பட்டால் கூடும். வெளியே பார்க்க ஆள் நல்லாய்த்தான் இருப்பாள். அதாலே முன்வீட்டுப் பிரியந்தினி பகிடி விடுவாள்.

"லவீனாக்கா, உங்கடை வருத்தம் மீன் வெட்டேக்கை மட்டும்தான் வருமோ?"

கேட்டுவிட்டு, மீனைத் தானே வெட்டித் தந்துவிட்டுத்தான் போவாள்.

கண்ணையும் காலையும் லவீனா டாக்டரிட்டைச் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பூசையிலே, சுவாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி அடிக்க, எல்லாரோடும் தலை குனிந்தாள். பிடரியிலிருந்து முள்ளந்தண்டு வழியாய்க் கால்விரல் மட்டும் மின்னல் ஓடியது. நிமிர்ந்தாள், நின்றுவிட்டது. மறுபடி குனிந்தாள், மறுபடி ஓடியது. ஆண்டவர் தன்னைத் தமக்கு முன்னால் குனிய விடுகிறாரில்லை என்று நினைத்துக்கொண்டாள். இது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற காரியமா?

அன்றைக்குப் பிடித்த அந்தரம்தான். கோயில் மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். படபடப்பு வரக் கால் இன்னும் தடுமாறும்.

"வாருமப்பா, நான் பிடிக்கிறன்" என்பான் அவள் புருசன் எமில்ராஜ்.

"வெயிலாய்க் கிடக்கப்பா. நீங்கள் போட்டு வாங்கோ."

இந்தத் தவக்காலத்திலே, சனம் குறைந்த நேரம் பார்த்து, அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். டாக்டரிட்டைச் சொல்லவேண்டியதை அங்கே சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அருட்பிரகாசம் சுவாமி கேட்டார்.

"பிள்ளை, கோயிலிலை மட்டுமோ, வீட்டிலையும் வருமோ?"

"அரிசி களையக் குனிஞ்சாலும் வரும் சுவாமி. செருப்புக் கொழுவேக்கையும் வரும்."

"அப்ப ஆண்டவருக்குச் செருப்போடையும் கோவமோ?"

லவீனாவுக்கு அழுகைக்குள்ளே சிரிப்பும் வந்துவிட்டது.

"உது பாவமில்லைப் பிள்ளை. பாவமில்லாததுக்கு நான் என்னெண்டு மன்னிப்புத் தாறது? டாக்டரிட்டைச் சொல்லும். நான் ஆரிட்டையும் கதைக்கேலாது, நீர்தான் சொல்லவேணும்."

பாவசங்கீர்த்தனத்திலே கேட்டதைக் குருவானவர் வெளியே வாய் திறக்கக்கூடாது. அதாலே அடுத்த கிழமை றோட்டிலே புருசனும் பெண்சாதியுமாய்க் கண்டபோது, "சுகமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மிச்சத்தைக் கண்ணாலே கேட்டுக்கொண்டு நின்றார்.

"சுவாமிக்குக் கண்ணிலை தூசி விழுந்திட்டுது போல" என்றான் எமில்ராஜ்.

லவீனா கிளினிக்கிலே சொன்னாள். டாக்டரம்மா தலையை ஆட்டினா.

"ஏனம்மா இவ்வளவு காலம் ஒளிச்சனீங்கள்? இந்த வருத்தக்காரர் கனபேருக்கு வாறதுதான். கழுத்து மடங்கேக்கை அந்தப் பழுதான நரம்பு இழுபடுது. பயப்படுத்தும், ஆனா அதாலை உயிருக்கு ஒண்டும் வராது." பயம் பிடிக்கிற நேரம் மூச்சை எப்படி மெதுவாய் விடுவதென்றும் காட்டித் தந்தா.

சந்தோசப்படவேண்டியவள் ஓட்டோவுக்குள்ளே அழுதுகொண்டு வந்தாள்.

"இப்ப என்னத்துக்கு அழுறீர்? ஒண்டுமில்லையெண்டுதானே சொன்னவ?"

"கோவமெண்டாலும் அவர் என்னைத் தொடுறாரெண்டு நினைச்சிருந்தனப்பா. இப்ப வெறும் நரம்பெண்டு சொல்லுகினம்."

எமில்ராஜ் ஓட்டோக்காரனை மெல்லமாய்ப் போகச் சொன்னான். அவளுடைய ஏக்கம் அன்றைக்குக் குறையவில்லை, கூடினது.

பெரிய வெள்ளி வந்தது. வெயிலுக்கு ஈரத்துவாயைக் கழுத்திலே சுற்றிக்கொண்டு, எமில்ராஜின் கையைப் பிடித்து, அவள் வரிசையிலே நின்றாள். பாதி வழியிலே படபடப்பு எழும்பியது. மூச்சை மெதுவாய் விட்டாள். அது போகவில்லை, ஆனால் ஆளைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை.

பீடத்துக்கு முன்னால், தலையணையிலே சுரூபம் கிடந்தது. பக்கத்திலே நின்ற சிமியோன் அண்ணைதான் ஒவ்வொருவர் முத்தி செய்யச் செய்யத் துணியாலே துடைக்கிறவர். லவீனா கால் நடுங்க முழந்தாளிலே இறங்குகிறதைக் கண்டு, சுரூபத்தை அவளுடைய முகத்துக்கு நேரே தூக்கப்போனார்.

"வேண்டாமண்ணை. கீழையே இருக்கட்டும்."

லவீனா குனிந்தாள். மின்னல் பிடரியிலிருந்து கால் மட்டும் ஓடியது. உடம்பு துள்ளியது. அவள் நிமிரவில்லை. மரப்பாதம் உதட்டிலே பட்டது. பன்னீரும், அவளுக்கு முன்னால் வந்த சனத்தின் ஈரமும் அதிலே இருந்தது. மறுபடி ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள்.

பின்னாலே வரிசை நின்றுபோனது. ஆரோ இருமினார்கள். "தள்ளாதேங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ" என்று பிரியந்தினி ஆரையோ அதட்டினாள்.

எமில்ராஜ் குனிந்து அவளுடைய தோளைத் தொட்டான். "போதுமப்பா, எழும்பும்."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள், வாயை எடுக்காமலே.