உதட்டோரத்துக் கறுப்பு வட்டம்

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் வியாதியின் பெயரைச் சொல்வதில்லை, மாத்திரையின் நிறத்தைத்தான் சொல்வார்கள். மேசைக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் நானும் அப்படி நின்றவன்தான்.

மருந்தே சாப்பிடாத மருமகள்

நேமத்தான்பட்டித் தச்சர் வீட்டுச் செல்லம்மா மாதம் ஒருமுறை வருவார். மருமகள் வள்ளிக்கு மாதாந்திர வயிற்றுவலி. இரண்டு வெள்ளை மாத்திரை வேண்டும். மூன்றாவது மாதம் கூடவே ஒரு களிம்பும் கேட்டார். வள்ளியின் உதட்டோரம் காலணா அகலத்துக்குச் சிவந்து, எரிந்து, கறுத்துவிட்டதாம். எப்போது வருகிறது என்றேன். வயிற்றுவலி வரும் நாளில், அதே இடத்தில். என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டதற்கு அந்த அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"மருந்தெல்லாம் ஒண்ணும் திங்கலை தம்பி, நீங்க குடுக்கிற வெள்ளை மாத்திரை மட்டுந்தான்."

அக்கி எழுதிய வேளார்

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள் என்றேன். அவர் மண்பானை வனையும் வேளாரை வரவழைத்தார். வேளார் பார்த்து, அக்கிக் கொப்புளம் என்று சொல்லி, அது இறங்கக் காவிமண்ணைக் குழைத்து மருமகள் கன்னத்தில் சிங்கம் எழுதினார். பத்தியம்: கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, இங்கிலீஷ் மருந்தும் கூடாது. எட்டு நாளில் எரிச்சல் அடங்கியது. பெயர் வேளாருக்கு.

அடுத்த மாதம் மறுபடி மாத்திரை, மறுபடி வட்டம், மணிக்கட்டில் புதிதாக இன்னொன்று. கருவாட்டின் மேல் குற்றம் சுமத்தினார்கள். நான் மறுபடியும் மாத்திரையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இரண்டை மடித்துக் கொடுத்தவனும் நான்தான். அந்த அம்மாள் போனதும் முதலாளி கேட்டார்:

"யாவாரத்துக்கு வந்தியா, வைத்தியத்துக்கு வந்தியா?"

தகரப் பெட்டியோடு வந்தவள்

ஊர் அதற்குள் பெருநோய், குஷ்டம் என்று பெயர் வைத்துவிட்டது. வள்ளியை நெற்குப்பையில் இருந்த தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெற்குப்பை பஸ்ஸுக்கு நின்றவள், தகரப் பெட்டியோடு கடைக்கு வந்து, மாத்திரையை விட்டால் இந்த வட்டம் வருவது நிஜமாகவே நின்றுவிடுமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பெருநோய் இல்லை, மாத்திரையின் வேலை என்று டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்தார். மாத்திரையை விட்டாள், மூன்று மாதம் எதுவும் வரவில்லை.

சீட்டைக் காட்டி வள்ளியின் அண்ணன் சண்டை போட்ட பிறகு, செல்லம்மாவே போய் அழைத்துவந்தார். சீட்டை அவர் நம்பவில்லை. நெற்குப்பைத் தண்ணீர்தான் குணப்படுத்தியதாம். வரும் வழியில் கடையில் ஏறி, வீட்டில் இருக்கட்டும் என்று அதே மாத்திரை இரண்டு கேட்டார். முதலாளி எடுத்துக் கொடுத்தார். வள்ளி அதை மாமியார் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"வேணும்னா நீங்க தின்னுங்க அத்தை, எனக்கு என் மொகம் வேணும்."

நான் நின்ற அத்தனை வருஷத்தில் அந்த மேசைக்குத் திரும்பி வந்த மாத்திரைகள் அவை இரண்டுதான், அதற்கும் முதலாளி முகத்தைச் சுளித்தார்.